நீர்க்காகமா, கொக்கா?

டைனோசர் பூங்கா கட்டும் கேம் விளையாடுகிறவர்களிடம் போய், "இன்னும் என்னப்பா வேணும்?" என்று கேட்டுப் பாருங்கள். டி-ரெக்ஸ் வேண்டும் என்று ஒருத்தரும் சொல்ல மாட்டார்கள். அதுதான் எல்லா கேமிலும் முதல் நாளே வந்துவிடுகிறதே! கேட்பதெல்லாம் மீன் தின்னும் கோஷ்டியைத்தான். ஸ்பைனோசாரஸ் நீந்த வேண்டும். பேரியோனிக்ஸ் தண்ணீரில் வாயை விட்டு உயிர் மீனைப் பிடிக்க வேண்டும். பிரேசிலின் இரிட்டேட்டர் வேண்டும், லாவோஸின் இக்தியோவெனேட்டர் வேண்டும். வாத்து மாதிரி கழுத்துள்ள மங்கோலியாவின் ஹால்ஸ்கராப்டர் வேண்டும். லிஸ்ட் போய்க்கொண்டே இருக்கும்.

ஆசைக்குக் காரணம் இருக்கிறது. 2001இல் வந்த ஜுராசிக் பார்க் மூன்றாம் பாகத்தில் ஸ்பைனோசாரஸ் டி-ரெக்ஸின் கழுத்தை முறித்தது, ஆற்றில் போன படகைத் தாக்கியது. அதைப் பார்த்து வளர்ந்த பசங்கதான் 2003இல் ஆபரேஷன் ஜெனிசிஸும், 2018இல் ஜுராசிக் வேர்ல்ட் எவல்யூஷனும் விளையாடினார்கள். 2018 கேமில் பார்த்தால், சினிமாவில் ஆற்றையே கலக்கியவர் குளத்தங்கரையில் நின்று சமர்த்தாகத் தண்ணீர் குடித்துவிட்டுத் திரும்பிப் போகிறார். ஏமாற்றம் இருக்காதா? 2021இல் வந்த இரண்டாம் பாகத்தில் பெரிய தண்ணீர்த் தொட்டிகள் வந்தன. ஆனால் அவை மோசசாரஸ் போன்ற கடல் ஊர்வனவற்றுக்கு. (அவை டைனோசரே கிடையாது, அது தனிக் கதை.)

சரி, மேட்டருக்கு வருவோம். கேம் செய்கிறவர்களை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. ஸ்பைனோசாரஸ் நீந்தியதா இல்லையா என்று விஞ்ஞானிகளே இன்னும் சண்டை போட்டுக்கொண்டு இருக்கிறார்கள்.

எகிப்தில் கிடைத்த எலும்புகளை வைத்து 1915இல் அதற்குப் பெயர் வைத்தவர் எர்ன்ஸ்ட் ஸ்ட்ரோமர் என்ற ஜெர்மானியர். அந்த எலும்புகள் 1944 ஏப்ரலில் ம்யூனிக் அருங்காட்சியகத்தில் குண்டு விழுந்தபோது அழிந்துபோயின. அதற்குப் பிறகு பல வருஷம் படங்களும் குறிப்புகளும்தான் மிச்சம். 1983இல் இங்கிலாந்தில் வில்லியம் வாக்கர் என்பவர் ஒரு களிமண் குழியில் பெரிய நகம் ஒன்றைக் கண்டெடுத்தார். அதுதான் பேரியோனிக்ஸ். அதன் வயிற்றுப் பகுதியில் மீன் செதில்கள் இருந்தன. ஆக, மீன் தின்றது உறுதி. எப்படிப் பிடித்தது என்பதுதான் கேள்வி.

2014இல் நிசார் இப்ராஹிம் குழு மொராக்கோவில் கிடைத்த எலும்புகளை வைத்து, ஸ்பைனோசாரஸின் கால் குட்டை, அது தண்ணீரில் வாழ்ந்த ஜந்து என்றது. 2020இல் துடுப்பு மாதிரி அகலமான வாலும் வெளியே வந்தது. 2021இல் ஹோன், ஹோல்ட்ஸ் இருவரும், "அதெல்லாம் இல்லை, கரையோரம் நின்று கொக்கு மாதிரி கொத்தியிருக்கும்" என்றார்கள். 2022இல் ஃபாப்ரி குழு, ஸ்பைனோசாரஸ், பேரியோனிக்ஸ் இரண்டுக்கும் எலும்பு கெட்டி, முங்கி இரை தேடும் பிராணிகளுக்கு அப்படித்தான் இருக்கும் என்றது. அதே வருஷக் கடைசியில் பால் செரினோ குழு, அது மோசமான நீச்சல்காரர், முங்கவும் லாயக்கில்லை என்று அடித்துச் சொன்னது.

இத்தனை ஆராய்ச்சிக் கட்டுரைகளையும் வடிகட்டினால் மிஞ்சுவது ஒரே கேள்வி. அது நீர்க்காகமா, கொக்கா?

இந்த இடத்தில்தான் கம்பம் பள்ளத்தாக்கு உள்ளே வருகிறது.

தேனி மாவட்டத்தில் டைனோசர் எலும்பு கிடைக்க வழியில்லை. இங்கே இருப்பது டைனோசர்களுக்கெல்லாம் பல கோடி வருஷம் மூத்த பாறை. பூமிக்கடியில் வெந்து உருமாறியது. எலும்பு வேண்டுமானால் அரியலூர் பக்கம் போக வேண்டும். ஆனால் எலும்பு வேண்டாம், உயிரோடு வேண்டும் என்றால் சின்னமனூர் பக்கம் ஏதாவது ஒரு கண்மாய்க் கரைக்குக் காலையில் போனால் போதும். பறவைகள் டைனோசர்களின் வாரிசு மட்டுமில்லை, இன்றைய கணக்கில் அவையே டைனோசர்கள்தான். ஸ்பைனோசாரஸும் கொக்கும் தெரோபோடா என்ற ஒரே பெரிய குடும்பம். நேரடித் தாத்தா பேரன் இல்லை, தூரத்துப் பங்காளி.

அப்படி ஒரு கண்மாயை மீன்பாசி ஏலத்தில் எடுத்திருக்கிறார் ஒருவர். அவருடைய அக்கா மகன் பிளஸ் டூ, காமர்ஸ் குரூப். லீவு விட்டால் மாமா வீடுதான். பகலெல்லாம் செல்போனில் ஸ்பைனோசாரஸ் வீடியோ. மாமாவுக்கு அந்தப் பேர் வாயில் நுழையாது. "உன் முதுகுல பாய் விரிச்ச ஓணான் எப்படிடா இருக்கு மாப்ள?" என்றுதான் கேட்பார்.

பெரியாறு தண்ணீர் வந்து கண்மாய் நிறைந்ததும் மாமா கட்லா, ரோகு குஞ்சு வாங்கி விட்டார். இரண்டே வாரத்தில் நீர்க்காகக் கூட்டம் வந்து இறங்கியது. ஒவ்வொன்றும் ஏறக்குறைய அரைக்கிலோ எடை. தலையைக் குத்தி உள்ளே போகும், எங்கேயோ தள்ளி எழும்பும், வாயில் மீன். பிறகு கருவேல மரத்தில் ஏறி, துணி காயப்போட்ட மாதிரி இறக்கையை விரித்து நிற்கும். அதன் வெளி இறகு நனைகிற ஜாதி. நனைந்தால்தான் சுலபமாக முங்க முடியும், முங்கினால் பிறகு காய வேண்டும். கரையோரச் சேற்றில் கொக்கு அசையாமல் நிற்கும். விஞ்ஞானிகள் சண்டை போடும் இரண்டு கட்சியும் ஒரே கண்மாயில்!

பையனுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. மாமாவுக்கு வயிறு எரிந்தது.

"மாமா, நான் கேம்ல கேக்குறது இதுதான். முங்கி மீன் பிடிக்கிற டைனோசர்."

"நல்லா கேட்ட போ. அதுக்குத் தீனி வாங்கிப் போட்டது யாரு?"

இந்தக் கேள்விக்குப் பையனிடம் பதில் இல்லை. கேமில் தொட்டி காலியானால் ரேஞ்சர் ஜீப் வந்து நிரப்பிவிட்டுப் போகும். அந்த மீனை வளர்த்தவர் யார் என்று கேம் கேட்காது. இங்கே ஏலப் பணம் கடன் வாங்கிக் கட்டியது. குஞ்சுக்கு பில் இருக்கிறது. காமர்ஸ் படிக்கிற பையனுக்கு ஆரம்ப இருப்பு, இறுதி இருப்பு என்றால் என்ன என்று தெரியும். நடுவில் காணாமல் போகிற இருப்பை எந்தத் தலைப்பில் எழுதுவது? புத்தகத்தில் நீர்க்காகத்துக்குத் தலைப்பு இல்லை.

சுடலாமா என்றால் கூடாது. 1972 வனவிலங்கு பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. மாமா குறுக்கும் நெடுக்கும் நைலான் கயிறு கட்டிப் பளபள நாடா தொங்கவிட்டார். இரண்டு நாள் பயந்தன, மூன்றாம் நாள் அதே கயிற்றில் வந்து உட்கார்ந்தன. வெடி போடும் வேலை பையனுக்கு வந்தது. வெடித்தான். கூட்டம் மொத்தமாக எழும்பி மேகமலைப் பக்கம் ஒரு வட்டம் அடித்து, அடுத்த கண்மாயில் போய் இறங்கியது. அங்கேயும் ஒரு குத்தகைக்காரர் இருக்கிறார். சாயங்காலம் அவர் வெடி போட, எல்லாம் இங்கே திரும்பி வந்தன.

ஒருநாள் விடியற்காலை தெர்மாகோல் தெப்பத்தில் இரண்டு பேரும் வலை பார்க்கப் போனார்கள். தங்கூசி வலையில் மீனோடு ஒரு நீர்க்காகமும் மாட்டியிருந்தது. உயிர் இருந்தது. கழுத்திலும் இறக்கையிலும் கண்ணி சுற்றி இறுகியிருந்தது. பையன் துண்டால் போர்த்திப் பிடித்தான். அலகின் நுனி கொக்கி மாதிரி வளைந்திருந்தது. காலில் நான்கு விரலையும் சேர்த்துச் சவ்வு. வீடியோவில் எத்தனையோ முறை பார்த்த சமாச்சாரம், கைக்குள் சூடாக நெஞ்சு அடித்துக்கொண்டு இருந்தது.

மாமா கத்தியை எடுத்தார். பையன் பதறிவிட்டான்.

"மாமா, வேணாம் மாமா..."

"என்னடா வேணாம்? அசையாமப் பிடி."

கழுத்தைச் சுற்றிய கண்ணியை ஒவ்வொன்றாக அறுத்தார். அது புது வலை. அந்த வருஷம்தான் வாங்கியது.

"வலை போச்சே மாமா."

"நாலு கண்ணி போனா ராத்திரி உக்காந்து பின்னிக்கலாம். அங்கிட்டுத் திரும்பி விடு, கொத்திரப் போகுது."

கொத்தத்தான் செய்தது. பையன் கையை உதற, அது தண்ணீரில் விழுந்து முங்கியது. எங்கே எழும்பும் என்று இரண்டு பேரும் பார்த்துக்கொண்டு இருந்தார்கள். ரொம்ப தூரம் தள்ளி, நாணல் பக்கம் தலை தெரிந்தது.

"ஜிலேபிக் குஞ்சையும்தான் தின்னுது. அது பெருகுனாலும் நமக்குத் தொல்லைதான்" என்றார் மாமா. யாருக்குச் சமாதானம் சொன்னார் என்று தெரியவில்லை.

நஷ்டம் அதனால் குறைந்துவிடவில்லை. அடுத்த முறை பொடிக் குஞ்சு விடாமல், தனித் தொட்டியில் வலை மூடி வளர்த்துப் பெரிதான பிறகு கண்மாயில் விடலாம் என்று இருக்கிறார். நீர்க்காகத்தின் தொண்டை கொள்ளாத அளவு வளர்ந்துவிட்டால் கொஞ்சம் தப்பிக்கும். அதற்குத் தீவனச் செலவு, தொட்டிச் செலவு தனி. கணக்குப் போட்டுக் கொடுக்கும் வேலை பையனுடையது. போட்டான். செலவுப் பக்கத்தில் ஒரு வரி, 'நீர்க்காகம் தின்றது' என்று அவனே தலைப்பு வைத்தான். மாமா அதைப் பார்த்துச் சிரித்தாரே தவிர அடிக்கச் சொல்லவில்லை.

மூன்றாம் பாகம் 2025 அக்டோபரில் வந்துவிட்டது. மீன் தின்னும் டைனோசர் கேட்கிறவர்கள் இன்னும் கேட்டுக்கொண்டுதான் இருப்பார்கள், கேட்கட்டும். நல்ல ஆசைதான். கிடைக்கிற வரைக்கும் பொழுது போகவில்லை என்றால் பக்கத்துக் கண்மாய்க்கு ஒரு நடை போய் வாருங்கள். டிக்கெட் கிடையாது. அந்தப் பூங்காவுக்கு யாரோ ஒருத்தர் ஏற்கெனவே காசு கட்டிக்கொண்டு இருக்கிறார் :-)