பதில் வருமுன்

1933ஆம் வருஷக் கோடையில், இங்கிலாந்தின் ப்ரெஸ்டன் ஊரிலிருந்து ஒரு இளைஞன் அமெரிக்காவில் ஸால்ட் லேக் ஸிடியிலிருந்த தன் தகப்பனாருக்குக் கடிதம் எழுதினான். என் நேரமும் உங்கள் பணமும் வீணாகிக்கொண்டிருக்கின்றன என்பது அதன் சாரம். தகப்பனாரின் பதில் மிகச் சிறியது. உன் கடிதம் கிடைத்தது, உன்னை மறந்துவிட்டு வேலையைப் பார் என்பதற்கு மேல் அதில் ஒன்றும் இல்லை.

இளைஞன் பெயர் கார்டன் ஹிங்க்லி. வயது 23. மார்மன் சபை அனுப்பிய ஊழியன். பிற்காலத்தில், 1995இலிருந்து 2008இல் இறக்கும்வரை, அந்தச் சபைக்கே தலைவராக இருந்தவர். இந்தக் கடிதக் கதையை அவரே பல மேடைகளில் சொல்லியிருக்கிறார். சபையினருக்கு அது ஒரு வாழ்க்கை திரும்பிய கதை. என் அக்கறை வேறு இடத்தில் இருக்கிறது. கடிதத்தைத் தபாலில் போட்டதற்கும் பதில் கைக்கு வந்ததற்கும் நடுவே, கப்பலிலும் ரயிலிலுமாகச் சில வாரங்கள் கழிந்திருக்கின்றன. அந்த வாரங்களை அவன் எப்படிக் கழித்தான்?

எனக்கும் அவனுக்கும் பொதுவானது ஒன்று உண்டு: ஆங்கில இலக்கியத்தில் பி.ஏ. நான் அதை வைத்துக்கொண்டு ஒரு வங்கியின் கவுண்ட்டருக்குப் பின்னால் போய் உட்கார்ந்தேன். அவன் 1932இல் யூட்டா பல்கலைக்கழகத்தில் பட்டம் வாங்கி, நியூயார்க் போய்ப் பத்திரிகைத் தொழில் படிக்க எண்ணியிருந்தான். அதற்குள் சபையின் அழைப்பு வந்துவிட்டது. மார்மன் ஊழியனுக்கு ஊரைத் தேர்ந்தெடுக்கும் உரிமை கிடையாது. செலவு மட்டும் அவனுடையது, அல்லது குடும்பத்தினுடையது. காலமோ பொருளாதார மந்தத்தின் உச்சம். அவன் தாயார் 1930இல் புற்றுநோயில் இறந்துபோனவர். கடைகளில் திரும்ப வாங்கிய சில்லறையைப் பிள்ளைகளின் ஊழியத்துக்கென்று தனியாகச் சேர்த்து வைத்திருந்தார். வீணாகிறது என்று மகன் எழுதிய பணத்தில் அந்தச் சில்லறையும் அடக்கம். பிறர் பணத்தை எண்ணிப் பிழைக்கிறவன் நான். அந்த வார்த்தையைச் சுலபமாகத் தாண்டிப் போக முடியவில்லை.

ஆங்கிலம் படித்தவனுக்கு ப்ரெஸ்டன் முற்றிலும் அந்நியமான பெயராக இருந்திருக்காது. 1854இல் டிக்கன்ஸ் அங்கே போய் ஆலைத் தொழிலாளர் போராட்டத்தைப் பார்த்தார். ‘ஹார்ட் டைம்ஸ்’ நாவலின் கோக்டவுனில் அந்த ஊரின் சாயல் உண்டு என்பார்கள். மார்மன்களுக்கு அதே ஊர் ஒரு புண்ணிய ஸ்தலம். அட்லாண்டிக்கைத் தாண்டி வந்த முதல் ஊழியர்கள் 1837இல் பிரசங்கம் செய்ததும், ரிப்பிள் நதியில் ஞானஸ்நானம் கொடுத்ததும் அங்கேதான். ஆனால் 1933இல் அவன் பார்த்தது நாவலுமில்லை, புராணமுமில்லை. லங்காஷயர் முழுவதும் பருத்தி ஆலைகள் நொடித்துக்கொண்டிருந்தன. நம்முடைய அந்நியத் துணி பகிஷ்காரமும் அதற்கான காரணங்களில் ஒன்று. இரண்டு வருஷம் முன்னால், 1931இல், அதிக தூரமில்லாத டார்வெனுக்குக் காந்தி வந்து ஆலைக்காரர்களோடு பேசிப் போயிருந்தார். இப்படி வேலை போனவர்களின் கதவைத் தட்டி ஆத்மாவைப் பற்றிப் பேசவேண்டும். வந்தவுடனேயே சந்தைத் திடலில் தெருக்கூட்டம். ஊழியர்கள் எப்போதும் இருவராகவே இயங்குவார்கள். இருவரும் பாடிக் கூட்டம் சேர்த்தார்கள். பேச வேண்டுமென்றதும் இவனுக்கு ஒரே பயம். உடம்பும் சரியில்லை. ஊராரின் எதிர்ப்பு வேறு.

கடிதம் எழுதிய மறுநாளும் அவன் வெளியே போயிருக்க வேண்டும். அதற்கடுத்த நாளும். நம்பிக்கை உறுதிப்பட்டிருந்தால் அப்படி ஒரு கடிதமே பிறந்திருக்காது. நம்பிக்கை அற்றுப்போயிருந்தால் கப்பல் ஏறியிருக்கலாம். இரண்டுமில்லாமல், பதில் வரவில்லை என்ற ஒரே காரணத்தால் காலையில் எழுந்து டை கட்டிக்கொண்டு தெருவில் இறங்குகிற அந்த நிலைக்கு நம்மிடம் பெயர் இல்லை. பதில் வந்த பிறகு கதை சமயத்துக்குச் சொந்தமாகிவிடுகிறது. அறையில் மண்டியிட்டான், தன்னை ஒப்புக்கொடுத்தான், எல்லாம் மாறியது. முந்தைய வாரங்கள் ஒரு படிக்கட்டாகச் சுருங்கிவிடுகின்றன. மேலே ஏறிவிட்டவர் திரும்பிப் பார்த்துச் சொல்லும்போது படிக்கு வேறு உபயோகம் இருப்பதில்லை.

மூன்று வருஷம் கழித்து, 1936இல், அதே லங்காஷயரின் விகன் நகருக்கு ஆர்வெல் போனார். வேலையற்றவர்களின் மத்தியில் தான் யார் என்ற சங்கடத்தை அவர் கடைசிவரை தீர்த்துக்கொள்ளவில்லை. 1937இல் வந்த புத்தகம் இன்றும் உயிரோடிருப்பதற்கு அது ஒரு காரணம். ஆனால் ஆர்வெல் வடக்கே இருந்தது இரண்டு மாதம். வேண்டியபோது கிளம்பலாம். ஊழியனுக்கு இரண்டு வருஷம். இதையும் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும்.

நம் எழுத்தாளர்கள் தங்கள் ஆரம்ப நாட்களை நினைவுகூர்ந்து எழுதுபவற்றைப் பாருங்கள். முதலில் நிராகரிப்பு, பட்டினி. பிறகு ஒரு பெரியவர் சொன்ன ஒரு வரி. பிறகு வெளிச்சம். சபைகளில் சொல்லப்படும் சாட்சியத்தின் அதே அமைப்பு. சமயத்தை உதறியதாகச் சொல்லிக்கொள்ளும் நவீனத்துவக்காரர்களும் இதற்கு விலக்கில்லை.

எனக்கு முதல் வேலை தர்மபுரிப் பக்கம் ஒரு கிளையில். மூன்றாவது வாரம் அப்பாவைத் தொலைபேசியில் கூப்பிட்டு, ஊருக்கே திரும்பிவிடுகிறேன் என்றேன். “தாராளமா வாப்பா. இந்த மாசச் சம்பளத்தை வாங்கிட்டு வா” என்றார். பன்னிரண்டு வருஷமாகச் சம்பளம் வாங்கிக்கொண்டிருக்கிறேன். இதில் ஞானோதயம் எதுவுமில்லை. கேள்வி முடிவதற்குள் பதில் வந்துவிட்டது, அவ்வளவுதான். இப்போது மார்மன் ஊழியர்களுக்கும் கிட்டத்தட்ட இதே நிலை. வருஷத்தில் இரண்டு நாள், கிறிஸ்துமஸுக்கும் அன்னையர் தினத்துக்கும் மட்டுமே வீட்டோடு பேசலாம் என்றிருந்த வழக்கம் 2019 பிப்ரவரியில் மாறியது. இனி வாரம் ஒருமுறை பேசலாம். பதினெட்டு வயதுப் பையன்கள் போகிறார்கள். யாரையும் தெரியாத நகரத்தில் அம்மாவின் குரல் வேண்டாமென்று சொல்ல நான் யார்? ஒரு காத்திருப்பு போய்விட்டது என்பதை மட்டும் குறித்துக்கொள்கிறேன்.

உன்னை மறந்துவிடு என்ற உபதேசத்தோடு எனக்கு இன்னும் உடன்பாடு ஏற்படவில்லை. கவுண்ட்டருக்குப் பின்னால் தினமும் ஏழு மணி நேரம் அதைத்தான் செய்கிறேன். தன்னை மறந்தவன் சந்தைத் திடலில் பயந்திருக்கமாட்டான். அங்கே நின்ற வேலையற்றவர்களில் ஒருவனுக்காவது அந்த அமெரிக்கப் பையன் தன்னைப்போல் ஒரு மனிதனாகத் தெரிந்திருந்தால், அது அந்தப் பயத்தினால்தான் இருக்கும். தகப்பனாரின் பதில் திரும்பத் திரும்பச் சொல்லப்பட்டு மந்திரம்போல் ஆகிவிட்டது. நான் படிக்க ஆசைப்படுவது மகன் எழுதியதை.