குரல் உடையும் வயது

மயிலாடுதுறையில் எம்.கே. தியாகராஜ பாகவதரைப் பற்றிப் பேச்செடுத்தால், 1910-ல் இங்கே பிறந்தவர், அவர் பாடி நடித்த 'ஹரிதாஸ்' படம் சென்னை பிராட்வே தியேட்டரில் மூன்று தீபாவளி கண்டது என்று அடுக்குவார்கள். அந்தச் சாரீரத்தைப் பிறவி வரம் என்பார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. திருச்சியில் எஃப்.ஜி. நடேசய்யரின் ஹரிச்சந்திரா நாடகத்தில் ஹரிச்சந்திரனின் மகன் லோகிதாசனாகப் பாடிய சிறுவன், பிறகு மதுரை பொன்னு ஐயங்காரிடமும் ஆலத்தூர் வெங்கடேசய்யரிடமும் ஆண்டுக்கணக்கில் சங்கீதம் கற்றான். நடிப்பை நடராஜ வாத்தியார் சொல்லிக்கொடுத்தார். 1934-ல் 'பவளக்கொடி' படத்தில் கேட்ட குரல் அந்தப் பயிற்சிக்குப் பிந்தியது. லோகிதாசனின் குரலோடு ஒருவர் ராஜபார்ட், அதாவது நாயகன், ஆகிவிட முடியாது. இரண்டுக்கும் நடுவே ஒரு குரல் போய் இன்னொரு குரல் வருகிறது. அந்த இடைவெளியைக் கடத்திவிடுவதுதான் குரலாசிரியரின் முதன்மையான வேலை என்பது என் வாதம்.

குரல் உடையும் இந்தப் பருவத்தை நாடகக்காரர்கள் 'மகரக்கட்டு' என்றார்கள். பையனுக்குக் குரல்நாண்கள் நீண்டு தடிக்கும். சுருதி ஏறக்குறைய ஒரு ஸ்தாயி இறங்கும். சங்கரதாஸ் சுவாமிகள் 1918-ல் மதுரையில் தொடங்கிய தத்துவ மீனலோசனி வித்வ பால சபை போன்ற, சிறுவர்களே நடிக்கும் பாய்ஸ் கம்பெனிகளில் மைக் கிடையாது. ஆர்மோனியத்தின் உச்சக் கட்டைக்கு ஈடுகொடுத்து, கடைசி வரிசைக்கும் கேட்கும்படி பாட வேண்டும். நேற்றுவரை ஸ்திரீபார்ட் என்ற பெண் வேடத்தில் கைதட்டல் வாங்கிய பையனுக்குத் தொண்டை கட்டினால், பழைய கட்டையையே எட்டிப் பிடிக்க முண்டுவான். இல்லையென்றால் கள்ளத்தொண்டை என்ற பொய்க்குரலில் ஒளிந்துகொள்வான். இரண்டுமே குரலைக் கெடுக்கும். மேற்கத்திய ஓபராப் பாடகர்களும் மைக் இல்லாமல்தான் பாடுகிறார்கள். அதனால்தான் அங்கே இளம் குரலுக்குக் கனமான வேடம் கொடுக்க நல்ல ஆசிரியர்கள் தயங்குவார்கள். நம் கம்பெனிகளில் அந்தப் பொறுமைக்கு இடமில்லை. தினமும் நாடகம், தினமும் வசூல். அந்தக் காலத்தைப் பொற்காலம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

மைக் வந்தபின் இதெல்லாம் எதற்கு என்று கேட்கலாம். மைக் சத்தத்தைப் பெரிதாக்கும், அவ்வளவுதான். மூச்சையும் சுரஸ்தானத்தையும் அது திருத்தாது. இந்தப் பக்கத்துக் கோயில்களில் மோட்டாரில் ஓடும் மேளமும் மணியும் முழங்க, அதற்கு மேல் தேவாரம் பாட வேண்டியிருக்கும் ஓதுவாரைக் கேளுங்கள்: பயின்ற தொண்டை எது, கத்தும் தொண்டை எது என்று மைக் வழியாகவே தெரிந்துவிடும். இசைத்தட்டுகள் இருக்கின்றனவே என்பது இன்னொரு மறுப்பு. தட்டில் பாட்டு இருக்கிறது, பாடகர் அங்கே வந்துசேர்ந்த வழி இல்லை. ஏட்டின் கதையும் அதுதான். அருணாசலக் கவிராயரின் ராம நாடகத்துக்குச் சட்டநாதபுரத்துச் சீடர்கள் இருவர் இசையமைத்தார்கள்; சாகித்தியம் அச்சேறி நிலைத்தது, பல பாட்டுகளுக்குப் பின்னால் வந்த வித்வான்கள் வேறு மெட்டுப் போட வேண்டியிருந்தது.

சீர்காழியில்தான் அரசு இசைப்பள்ளி இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது, அது பெரிய கொடை. குரலிசையும் தேவாரமும் ஏழை வீட்டுப் பிள்ளைக்கும் கிடைக்கின்றன. ஆனால் பன்னிரண்டு வயதில் சேரும் பையனுக்குப் படிப்பு மூன்றே ஆண்டு. பதினைந்தில் சான்றிதழோடு வெளியே வருகிறான். பலருக்குக் குரல் இன்னும் நிலைகொள்ளாத வயது அது. அதே ஊரில் 1933-ல் பிறந்த சீர்காழி கோவிந்தராஜன் பதின்வயதில் சென்னைத் தமிழிசைக் கல்லூரிக்குப் போனார். அவருடைய குரு திருப்பாம்புரம் சுவாமிநாத பிள்ளையின் கண்காணிப்பும் கிடைத்தது. எல்லாப் பையன்களுக்கும் சென்னை வாய்க்காது. எனவே நான் கேட்பது புதிய கட்டடம் அல்ல. சான்றிதழ் வாங்கிய பையன், குரல் நிலைகொள்ளும் வரை, வாரம் இரண்டு நாளாவது அதே ஆசிரியர் முன் உட்கார்ந்து கீழ்க்கட்டையில் அகார சாதகம் செய்ய வழி வேண்டும். அந்த நேரத்துக்கு ஆசிரியருக்குச் சம்பளமும் வேண்டும்.