சம்மட்டி விழும் இடம்

என் கோல்ஃப் பயிற்சியாளர் எழுதிக் கொடுத்த வாராந்திரத் திட்டம் ஒரு முழுத்தாளில் அடங்கிவிடும். திங்கட்கிழமை கிரிப் மட்டும். வீட்டில், கண்ணாடிக்கு முன்னால், பந்தில்லாமல். புதன்கிழமை ரேஞ்ச் என்கிற பயிற்சித் திடலில் அரை ஸ்விங்; கை இடுப்புக்கு மேல் போகக் கூடாது. வெள்ளிக்கிழமை முழு ஸ்விங். ஞாயிற்றுக்கிழமை சிப்பிங்கும் பட்டிங்கும். வெள்ளிக்கு நேரே மட்டும் சிவப்பு மையில் ஒரு விதி: ஒரே கிளப்பை அடுத்தடுத்து எடுக்கக் கூடாது. செவன் அயர்னில் ஒரு பந்து அடித்தால் அடுத்தது வெட்ஜ், அதற்கடுத்தது டிரைவர். ஒவ்வொரு முறையும் இலக்கும் மாற வேண்டும்.

ரேஞ்சில் இப்படி யாரும் அடிப்பதில்லை. ஒரு கூடைப் பந்து வாங்கி, ஒரு கிளப்பை உருவி, கூடை காலியாகும்வரை ஒரே கொடியைப் பார்த்துத்தான் அடிப்பார்கள். பாதிக் கூடைக்கு மேல் பந்துகள் ஒழுங்காகப் பறக்கத் தொடங்கும், கற்றுக்கொண்டுவிட்டோம் என்ற நிறைவு வரும். வெள்ளிக்கிழமை விதி அந்த நிறைவுக்கு இடமே தருவதில்லை. ஏன் இப்படி என்று கேட்டேன். பல வருஷம் ஆட்டக்காரர்களின் கிளப் பையைச் சுமக்கும் கேடியாக இருந்து பயிற்சியாளரானவர் அவர். "கோர்ஸ்ல யாரு சார் உங்களுக்கு ஒரே ஷாட்டை ரெண்டு தடவை குடுக்குறாங்க?" என்றார்.

கடைப்பிடிக்க அந்தப் பதில் போதும். எனக்கு அதன் வேரைத் தேட ஆசை வந்துவிட்டது. 1986-இல் குட், மெகில் என்ற இரண்டு ஆய்வாளர்கள் பாட்மின்டன் சர்வீஸை வைத்து இதே கேள்வியைக் கேட்டிருக்கிறார்கள். சர்வீஸில் மூன்று வகை. ஒரு குழு ஒரு வகையை முடித்துவிட்டுத்தான் அடுத்ததற்குப் போனது. இன்னொரு குழு மூன்றையும் கலைத்துப் போட்டு, அடுத்து எது வரும் என்று தெரியாமல் பழகியது. பயிற்சி முடிந்தபின் வைத்த சோதனையில் கலைத்துப் பழகியவர்களே முந்தினார்கள். வலது கட்டத்திலிருந்து பழகியவர்களை இடது கட்டத்தில் நிற்கவைத்துப் பார்த்தபோதும் அப்படியே. பழக்கத்தின்போது சிரமம் கூடுகிறது, கற்றது நிலைக்கிறது. இது எப்படி நடக்கிறது என்று தேடிப் போனபோது நான் மாஸ்கோவில் ஒரு பட்டறையில் போய் நின்றேன்.

1920களின் சோவியத் ரஷ்யா. அலெக்ஸேய் காஸ்தேவ் கவிஞர், உலோகத் தொழிலாளியாக இருந்தவர். மனித உழைப்பை இயந்திரத்தின் துல்லியத்துக்கு உயர்த்திவிட முடியும் என்று முழுமனதாக நம்பினார். அவர் நிறுவிய மத்திய உழைப்புக் கழகத்தில் பயிற்சிக்கு வந்தவர்களின் கையில், இயந்திரத்தோடு பிணைத்த சுத்தியலைக் கொடுப்பார்கள். இயந்திரம் சுத்தியலை ஏற்றி இறக்கும். கை கூடவே போய்வரும். அரை மணி நேரம் அப்படிப் போய்வந்தால் சரியான வீச்சு உடம்பில் பதிந்துவிடும் என்பது எண்ணம். இன்றைக்கும் கோல்ஃப் கடைகளில் கிளப்பைச் சரியான தளத்தில் சாய்த்து ஓட்டுவதற்கென்று வளையங்கள் விற்கிறார்கள். ஆசை அதேதான்: சரியான ஸ்விங் ஒன்று எங்கோ இருக்கிறது, அதை உடம்பில் அச்சடித்துக்கொள்ள வேண்டும்.

அந்தக் கழகத்துக்கு வேலைக்கு வந்தவர் நிக்கலாய் பெர்ன்ஸ்டைன் என்ற இளம் மருத்துவர். தேர்ந்த தொழிலாளிகளின் தோள், முழங்கை, மணிக்கட்டு, சுத்தியல் தலை என்று ஒவ்வொரு இடத்திலும் சின்னச் சின்ன விளக்குகளைக் கட்டினார். வேகமாகத் திறந்து மூடும் கேமரா முன்னால் அவர்களை உளியை அடிக்கச் சொன்னார். படத்தில் வீச்சு முழுவதும் ஒளிப்புள்ளிகளாக விழுந்தது. ஒரு வீச்சின் மேல் அடுத்த வீச்சை வைத்துப் பார்த்தபோது சுத்தியல் தலையின் பாதை பெரும்பாலும் ஒன்றாக இருந்தது. தோளின் பாதை மாறியது, முழங்கையின் பாதை மாறியது, மணிக்கட்டின் பாதையும் மாறியது. தோள் சற்று முந்தினால் முழங்கை ஈடு கொடுத்தது. முழங்கை தாழ்ந்தால் மணிக்கட்டு சரிசெய்தது. வாழ்நாளெல்லாம் அதே வேலையைச் செய்த ஆள்கூட ஒருமுறை அடித்தபடி மறுமுறை அடிப்பதில்லை. அடி மட்டும் அதே இடத்தில் விழுகிறது. பழகும்போது நாம் திரும்பத் திரும்பச் செய்வது விடை தேடுகிற வேலையைத்தான், ஒரே விடையை ஒப்பிப்பதை அல்ல என்ற முடிவுக்கு வந்தார் பெர்ன்ஸ்டைன்.

இதைப் படித்த இரவு எனக்கு எங்கள் அம்மாச்சி ஊர்ப் பட்டறை நினைவுக்கு வந்து தூக்கம் போனது. கோடை மழை பெய்து முதல் உழவுக்கு முன்னால் கொழு தட்ட ஊரே அங்கே நிற்கும். புளியமரத்தடியில் கூரைச் சாய்ப்பு. தரையோடு தரையாக உலை. துருத்தி ஊதுகிற பையன். ஆசாரி குத்தவைத்து உட்கார்ந்திருப்பார். இடது கைக் குறட்டில் பழுத்த கொழு, வலது கையில் சின்னச் சுத்தியல். எதிரே அவருடைய மகன் சம்மட்டியோடு நிற்பார். ஆசாரி சுத்தியலால் கொழுவில் ஓரிடத்தைத் தொடுகிற மாதிரித் தட்டுவார். அடுத்த கணம் அதே இடத்தில் சம்மட்டி இறங்கும். தட்டு, இடி, தட்டு, இடி. நடுவில் ஒரு சொல் கிடையாது. இரும்பு ஒவ்வொரு அடிக்கும் கொஞ்சம் தட்டையாகிறது, கொஞ்சம் ஆறுகிறது, குறட்டில் கொஞ்சம் திரும்புகிறது. சம்மட்டிக்கு எந்த இரண்டு அடியும் ஒரே அடியாக இருக்க வழியே இல்லை. போதும் என்றால் ஆசாரி கொழுவை விட்டுப் பட்டடையில் ஒரு தட்டுத் தட்டுவார். தூக்கிய சம்மட்டி அப்படியே நிற்கும்.

மகன் களத்துமேட்டுக்குப் போயிருக்கும் நாட்களில் ஆசாரியின் தம்பி சம்மட்டி பிடிப்பார். குட்டையான மனிதர், ஒரு தோள் இறங்கியிருக்கும். மகன் சம்மட்டியைத் தலைக்கு மேல் நேராகத் தூக்குவார். சித்தப்பாவோ பக்கவாட்டில் ஒரு வட்டம் போட்டுக் கொண்டுவருவார். இரண்டு வீச்சையும் அடுத்தடுத்துப் பார்த்தால் ஒரே தொழில் என்று சொல்ல மாட்டீர்கள். கொழுவில் விழுந்த தடத்தைப் பார்த்தால் எது யாருடைய அடி என்று சொல்ல முடியாது. அந்த வயதில் எனக்கு அது வேடிக்கை. பெர்ன்ஸ்டைன் வந்து அதற்கு அர்த்தம் சொல்ல இத்தனை வருஷம் ஆயிற்று.

கோல்ஃபில் இதற்குப் பெரிய சாட்சி பென் ஹோகன். ஃபோர்ட் வொர்த்தில் கேடிப் பையனாகத் தொடங்கி, இடதுபுறம் வளைந்து ஓடும் ஹூக்கோடு வருஷக்கணக்கில் போராடியவர். பயிற்சி செய்வதில் அவருக்கு நிகரில்லை என்று பெயர் வாங்கியவர். 1949 பிப்ரவரி 2-ஆம் தேதி டெக்ஸஸில் மூடுபனியில் ஒரு பஸ் அவர் காரில் நேருக்கு நேர் மோதியது. மனைவியைக் காப்பாற்றக் குறுக்கே பாய்ந்தார். இடுப்பெலும்பு, காறையெலும்பு, கணுக்கால் என்று முறிந்தன. இரத்தம் கட்டி நுரையீரலுக்குப் போகாமலிருக்கப் பெரிய சிரை ஒன்றையே கட்டிவிட்டார்கள். மறுபடி நடப்பாரா என்றே சந்தேகம். அந்தக் கால்கள் பழைய கால்களாக ஆகவே இல்லை. பதினெட்டுக் குழி நடந்து முடித்தால் வீங்கிவிடும். அந்தக் கால்களோடு 1950 ஜூனில் மெரியனில் யு.எஸ். ஓபனை வென்றார். 1953-இல் மாஸ்டர்ஸ், யு.எஸ். ஓபன், கார்னூஸ்டியில் பிரிட்டிஷ் ஓபன் மூன்றையும் வென்றார். அவருடைய ஒன்பது மேஜர் வெற்றிகளில் ஆறு விபத்துக்குப் பிறகு வந்தவை.

இயந்திரம் போல அடிப்பவர் என்றுதான் ஹோகனைச் சொல்வார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. அச்சடித்த ஒரு ஸ்விங்தான் அவரிடம் இருந்ததென்றால் அந்த விபத்தோடு அதுவும் முறிந்திருக்கும். முறியாமல் மிஞ்சியது தேடத் தெரிந்த உடம்பு. இந்தக் கால்களை வைத்துக்கொண்டு, இந்தக் காற்றில், பந்தை அந்த இடத்துக்கு எப்படிக் கொண்டுபோவது என்று ஒவ்வொரு நாளும் புதிதாகக் கேட்டுப் பழகிய உடம்பு அது.

அதே ஹோகன் 1957-இல் எழுதிய 'ஃபைவ் லெசன்ஸ்' புத்தகத்தில் முதல் பாடம் முழுவதும் கிரிப்தான். கிளப்பைப் பிடிப்பதை மட்டும் தினமும் அரை மணி நேரம் ஒரு வாரம் பழகச் சொல்கிறார். என் தாளில் திங்கட்கிழமை அதைத்தான் சொல்கிறது. தொடக்கத்தில் சிலவற்றை அசையாமல் நாட்டிக்கொள்ளத்தான் வேண்டும். சம்மட்டிக் காம்பைப் பிடிக்கத் தெரியாதவருக்குப் பட்டடையில் இடமில்லை. கையும் நிலையும் ஊன்றிய பிறகுதான் வெள்ளிக்கிழமை வருகிறது. நல்ல திட்டத்தின் அழகு இந்த வரிசையில் இருக்கிறது. எதைக் கட்டிப்போட வேண்டும், எப்போது அவிழ்த்துவிட வேண்டும் என்று அதற்குத் தெரியும்.

ஸ்விங் முழுவதும் ஏறக்குறைய ஒரு விநாடி. கிளப் பந்தைத் தொட்டிருப்பது அரை மில்லி விநாடி. அந்நேரத்தில் கிளப்பின் முகம் ஒரு டிகிரி விலகினால் 200 கஜத்தில் அது மூன்றரை கஜ விலகல். இவ்வளவு நுட்பத்தை மனப்பாடம் செய்து அடைந்துவிட முடியும் என்று இப்போது நான் நம்புவதில்லை. நேற்றைய முதுகு இன்று இல்லை. காலைப் புல் மாலையில் இல்லை. வெள்ளிக்கிழமைகளில் ஒவ்வொரு பந்துக்கு முன்னாலும் கிளப்பை மாற்றி, பின்னால் நின்று இலக்கைப் பார்த்து, பிடியை மறுபடி அமைக்கும்போது, அந்தப் பந்துக்கான விடையை அந்தக் கணத்தில் கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது. கிடைக்கும்போது வருகிற சந்தோஷம், வரிசையாக ஒரே மாதிரி அடிக்கும் சந்தோஷத்தைவிடப் பெரியது.

ஐம்பதுக்கு மேல் இனிமேல் உடம்பு புதிதாக எதைக் கற்கும் என்று நண்பர்கள் கேட்கிறார்கள். உடம்பு மாறிக்கொண்டே இருக்கிறது என்பது கற்பதற்குத் தடையே இல்லை. கற்பது என்பதே மாறும் உடம்போடு செய்கிற வேலை. ஆர்வம் இருந்தால் நல்ல பயிற்சியாளர் ஒருவரிடம் போய் ஒரு திட்டம் எழுதி வாங்குங்கள். அதில் வாரம் முழுக்க ஒரே அடிதான் இருக்கிறது என்றால், ஒரு நாளையாவது மாற்றித் தரச் சொல்லிக் கேளுங்கள்.