நாடாவின் மீது விழுந்த பழி

வீட்டில் தொலைக்காட்சிப் பெட்டி ஒன்று; அதனோடு இணைக்க வேண்டிய கருவிகளோ நான்கு. பழைய வி.சி.ஆர்., டிவிடி பிளேயர், கேபிள் செட்டாப் பாக்ஸ், பிள்ளைகளின் வீடியோ கேம். தொலைக்காட்சியில் ஏவி இணைப்பு ஒன்றுதான் என்றால், பொத்தானை அழுத்தி ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாற்றும் சிறிய ஸ்விட்ச் பெட்டியை இடையில் வைக்கிறோம். மலிவான, பயனுள்ள சாதனம்தான். ஆயினும் பல கம்பிகள் கூடும் இடத்தில், ஒன்றின் குறை மற்றொன்றின் தலையில் விழுவதும் எளிது.

எங்கள் வீட்டில் அந்தப் பழி 1994ஆம் ஆண்டின் வீடியோ கேசட் ஒன்றின் மீது விழுந்தது. லாத்தாவின் நிக்காஹ் நாளில் எடுக்கப்பட்டது அது. மர்ஹூம் வாப்பா நடந்து, பேசும் பதிவாக எங்களிடம் எஞ்சியிருப்பது அது ஒன்றே. உம்மா அதைப் பார்க்க விரும்பினார்கள். ஓடவிட்டபோது படத்தின் பின்னே வேறொரு படம் மங்கலாக அசைந்தது. அகன்ற கரும்பட்டை ஒன்று மெல்ல மேலேறியது. ஒலியிலும் இரைச்சல். பார்த்தவர்கள் எல்லோரும் ஒரே தீர்ப்பைக் கூறினர்: "நாடா கெட்டுப்போய்விட்டது, இனி உதவாது." உம்மா எதுவும் சொல்லவில்லை. கேசட்டின் உறையை மட்டும் கையில் வாங்கி வைத்துக்கொண்டார்கள்.

விசாரிக்காமல் தீர்ப்புக் கூறுவது முறையன்று. ஸ்விட்ச் பெட்டியை விலக்கிவிட்டு, வி.சி.ஆரை நேரடியாகத் தொலைக்காட்சியில் இணைத்தோம். படம் தெளிவாக வந்தது. நாடா குற்றமற்றது என்பது ஒரே நிமிடத்தில் விளங்கியது. பழைய நாடா ஒவ்வொரு முறை ஓடும்போதும் சிறிது தேயும் என்பதால், மற்றச் சோதனைகளுக்கு வேறொரு கேசட்டை எடுத்துக்கொண்டோம்.

பின்னர் ஸ்விட்ச் பெட்டியில் வி.சி.ஆரை மட்டும் இணைத்தோம், குறையில்லை. மற்றவற்றை ஒவ்வொன்றாகச் சேர்த்தோம். டிவிடி பிளேயரை இயக்கியதும் நிழற்படம் தோன்றியது. இத்தகைய எளிய பெட்டிகளில், தேர்ந்தெடுக்காத இணைப்பின் சமிக்ஞையும் சற்றே பக்கத்துக்குக் கசியக்கூடும். பார்க்காத கருவியை அணைத்து வைத்ததும் நிழல் நீங்கியது.

செட்டாப் பாக்ஸைச் சேர்த்தபோது கரும்பட்டை திரும்பியது. அதன் கேபிளைக் கழற்றினோம். பட்டையும் இரைச்சலும் ஒருங்கே மறைந்தன. காரணம் இதுதான்: ஒலிக்காக இணைத்திருந்த ஆம்ப்ளிஃபயர், மூன்று முள் பிளக் வழியாக வீட்டின் எர்த்தோடு சேர்ந்திருந்தது. தெருவிலிருந்து வரும் கேபிளுக்கோ வேறோரிடத்தில் எர்த். அவ்விரண்டுக்கும் இடையே சிறு மின்னழுத்த வேறுபாடு இருந்தால், கம்பிகளின் வெளியுறை வழியே மின்னோட்டம் பாயும். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். நம் பால் முறைத் தொலைக்காட்சியும் நொடிக்கு 50 புலங்களையே காட்டுகிறது. இரண்டும் ஏறக்குறைய ஒன்றாக இருப்பதால்தான் பட்டை அவ்வளவு மெதுவாக நகர்கிறது.

கேபிள் வரும் வழியில் ஐசொலேட்டர் ஒன்றைப் பொருத்தியதும் குறை தீர்ந்தது. இதற்காகப் பிளக்கின் எர்த் முள்ளை அகற்றுவோரும் உண்டு. அது உயிருக்கு ஆபத்து, ஒருபோதும் செய்யலாகாது. சாய்ந்த மெல்லிய கோடுகள் தெரிந்தால் அருகிலுள்ள சார்ஜர்களையும் அடாப்டர்களையும் விலக்கிப் பாருங்கள். மஞ்சள் முனைக்கு, ஒலிக்கான மெல்லிய கம்பிக்குப் பதிலாக 75 ஓம் வீடியோ கம்பியையே பயன்படுத்துங்கள். மின்கம்பிகளோடு அதைச் சேர்த்துக் கட்டாதீர்கள்.

அதன்பின் வாப்பாவின் கேசட்டை ஓடவிட்டோம். அதே ஓட்டத்தில் கணினியில் பிரதியும் எடுத்துக்கொண்டோம். வாசலில் விருந்தினரை வரவேற்று வாப்பா ஸலாம் கூறும் குரல் இரைச்சலின்றிக் கேட்டது. உம்மா வாய்க்குள் பதில் ஸலாம் சொன்னார்கள்.

உங்கள் அலமாரியிலும் இவ்வாறு கைவிடப்பட்ட கேசட் இருக்கலாம். எறிவதற்கு முன், இடையிலுள்ள அனைத்தையும் விலக்கி, ஒருமுறை நேரடியாக இணைத்துப் பாருங்கள். இன்ஷா அல்லாஹ், உங்கள் வீட்டுக் குரலும் அதில் பத்திரமாக இருக்கக்கூடும்.