பாரிசில் ஒரு 'பலே'!

வாய் திறந்து கேட்கத் துணிவின்றி நின்றோம், தோழர்களே! எங்கே? பாரிஸ் மாநகரில், சேன் ஆற்றங்கரையில், 'பலே த டோக்கியோ' என்னும் புதுமைக் கலைக்கூடத்தில். (அவர்கள் மொழியில் 'பலே' என்றால் மாளிகை, நம் ஊர் 'பலே' வேறு!) எதிரே பழங்கயிற்றுக் குவியல் ஒன்று, அதன்மேல் ஒற்றை விளக்கு. சுற்றி நின்றோர் தலையசைத்தனர். நாமும் அசைத்தோம்! ஏன், எதற்கு என்று எவரையும் கேட்கப் பழகிய தலை, அன்று பூம்பூம் மாட்டின் தலையாயிற்று.

மாளிகை என்று நம்பி மினுமினுப்பைத் தேடினால் ஏமாற்றமே. 1937-ஆம் ஆண்டு உலகப் பொருட்காட்சிக்காக எழுந்த கட்டடம் அது. வெளியே ஓங்கிய தூண்வரிசை. உள்ளேயோ பூச்சற்ற சுவர், புடைத்துத் தெரியும் குழாய்! திரைப்படக் கலைக்கு மாளிகை அமைப்போம் என்று உள்ளே இடித்தனர். 1998-இல் திட்டம் கைவிடப்பட்டது. எலும்புக்கூடாய் நின்றதை லக்கத்தோன், வசால் எனும் கட்டடக் கலைஞர் இருவர் ஏற்றனர். பணமோ சொற்பம். பழுது பார்த்தனர், ஒளியை உள்ளே விட்டனர், அத்துடன் நிறுத்திக்கொண்டனர். மொரோக்கோவின் மராக்கேஷ் நகரத்துச் சந்தைத் திடலே அவர்கள் கொண்ட மாதிரி: தடுப்பில்லை, எவரும் வரலாம், எங்கும் நிற்கலாம். 2002-இல் கதவு திறந்தது. கலைப்பொருளைச் சேர்த்துப் பூட்டிவைக்கும் வழக்கம் இங்கில்லை. வரும், சில திங்கள் நிற்கும், போகும்.

அடித்தளத்திற்கு இறங்கினோம். நாசிப் படை பாரிசைப் பிடித்திருந்த 1940-44 ஆண்டுகளில், யூதர் இல்லங்களிலிருந்து பறித்த பியானோக்களை இக்கட்டடத்தின் அடித்தளத்தில் குவித்திருந்தனர். அவற்றை வாசித்த விரல்களுள் எத்தனை, கொலை முகாம்களில் சாம்பலாயினவோ! நெடுநேரம் நின்றோம், பேசவில்லை.

மேலேறினால் மீண்டும் அதே கயிறு! பார்வையாளரிடம் உரையாடுவதற்கென்றே அங்கு நிற்கும் இளநங்கை ஒருவர் அருகில் வந்தார்.

"இது என்ன?" கேட்டே விட்டோம்.

"தங்களுக்கு என்னவாகத் தெரிகிறது?"

"துறைமுகத்தில் சுமை இறக்கியபின் வீசி எறிந்த கயிறு."

"சுமந்தவர் எங்கே?" என்று மடக்கினார் நங்கை.

முன்பு நம்முடன் தலையசைத்த முதியவர் ஒருவர் குறுக்கிட்டு, "எனக்கு ஒன்றுமே விளங்கவில்லை, ஐயா!" என்றார். சிரிப்பு வெடித்தது. பிறகு அரைமணி நேரம் வாதாடினோம், அவர் ஒரு பக்கம், நாம் ஒரு பக்கம்.

விடைபெறும்போது இன்னொன்றும் கேட்டோம்: "திடலை மாதிரியாகக் கொண்ட கூடத்திற்கு நுழைவுச்சீட்டும் கட்டணமும் எதற்கு?"

அதற்கு மட்டும் நங்கையிடம் விடையில்லை.