ஐந்து காம்பு கொள்ளும் ஜாடி

டெல்லியில் பிப்ரவரி மூன்றாவது வாரம் வந்துவிட்டால், காலை ஏழு மணிக்குக் கையில் கத்தரிக்கோலுடன் மொட்டை மாடிக்குப் போய்விடுவேன். ரஜாய்களை வெயிலில் போட்டு மடித்து வைத்துவிடலாமா, இன்னும் ஒரு வாரம் பார்க்கலாமா என்று வீட்டுக்கு வீடு யோசிக்கும் நாட்கள் இவை. தொட்டிகளில் பான்ஸி, ஃப்ளாக்ஸ், காலெண்டுலா, நாஸ்டர்ஷியம். சுவரோரம் கட்டிய சணல் கயிற்றில் ஸ்வீட் பீ கொடி. அக்டோபரில் விதைத்து, நவம்பரில் நாற்றைப் பிரித்து நட்டு, பனிமூட்டத்தைத் தாண்டிக் கொண்டுவந்தவை. முழுதாகப் பூத்து நிற்பது சில வாரங்கள்தான். மார்ச் கடைசியில் வெயில் ஏறியதும் வாடத் தொடங்கிவிடும்.

என்னிடம் இருப்பது ஒரே ஒரு பூ ஜாடி. உத்தரப் பிரதேசத்தின் குர்ஜாவில் செய்த பீங்கான் ஜாடி. உயரம் நாலு அங்குலம். வாய் குறுகல் என்பதால் ஐந்து காம்புக்கு மேல் கொள்ளாது. அந்த ஐந்தைத் தேர்ந்தெடுக்கச் சில நாள் அரை மணி நேரம்கூட ஆகும். இந்தப் பொறுமையை எனக்குக் கற்றுக்கொடுத்தது என் அம்மா. பூவை ஜாடியில் வைப்பது என்பதே ஆரம்பத்தில் அவளுக்குப் பிடிக்கவில்லை.

அப்பா 1996-ல் காலமானார். அடுத்த ஜனவரியில் அம்மாவைக் கும்பகோணத்திலிருந்து அழைத்துவந்தேன். அப்போது ராமகிருஷ்ணபுரத்தில் தரைத்தளத்தில் ஓர் அரசுக் குடியிருப்பு. முன்னால் பத்தடிக்கு எட்டடி தோட்டம். சைக்கிளில் வரும் மாலியிடம் நாற்று வாங்கி நட்டிருந்தேன். அம்மா ஷாலைப் போர்த்திக்கொண்டு வாசற்படியில் உட்கார்ந்து பார்த்தாள்.

"இத்தனை பூ இருக்கு. ஒண்ணுலயும் வாசனை இல்லையேடி" என்றாள்.

நியாயமான குறைதான். நம் வீடுகளில் பூவுக்கு இரண்டு இடம். ஒன்று சாமி, இன்னொன்று தலை. காம்போடு வெட்டித் தண்ணீரில் நிற்கவைத்து வேடிக்கை பார்ப்பது அவள் அறியாத வழக்கம். மறுநாள் அவள் குளித்துவிட்டுப் பறித்துவந்த பான்ஸிப் பூக்களில் காம்பே இல்லை. தட்டில் கொட்டிவிட்டுச் சாமி படத்தைப் பார்த்தாள். பிறகு, "வெளிநாட்டுப் பூ. சாமிக்கு ஆகுமோ ஆகாதோ" என்று தட்டை நகர்த்திவிட்டாள். நாம் மாலை மாலையாகச் சாத்தும் செண்டுமல்லிகூட மெக்சிகோவிலிருந்து வந்ததுதான் என்றேன். கனகாம்பரத்துக்கு ஏது வாசனை என்றும் கேட்டேன். அவள் பதில் சொல்லவில்லை.

எனக்கு ஒன்று தெரிந்திருக்க வேண்டும். காலையில் வாழை நாரை நனைத்து வைத்துக்கொண்டு, பேச்சு நிற்காமல் நாலு முழம் மல்லிகையைத் தொடுத்துவிடுகிறவள் அவள். அப்பாவோடு அந்தப் பூவும் போயிற்று. யாரும் உத்தரவு போடவில்லை. யாரும் ஏன் என்று கேட்கவுமில்லை.

தை மாதக் கடைசி வெள்ளிக்கிழமை, பக்கத்து பிளாக்கிலிருந்து ஒரு தமிழ்க் குடும்பத்து மாமி மஞ்சள் குங்குமத்தோடு வந்தார். நல்லவர். தட்டில் மல்லிகை இருந்தது. அந்தக் குளிரில் டெல்லியில் கிடைக்காத சரக்கு. ஊரிலிருந்து ரயிலில் யாரோ கொண்டுவந்தது. எனக்குக் குங்குமம் தந்தார், பூ தந்தார். அம்மா பக்கம் வந்தபோது தட்டு சற்றே தாழ்ந்து, திரும்பி, மேஜைக்குப் போய்விட்டது. அம்மா சிரித்தபடி "உக்காருங்கோ, காபி சாப்பிட்டுப் போகலாம்" என்றாள்.

நான் என்ன செய்தேன்? பூவை வாங்கித் தலையில் வைத்துக்கொண்டேன். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

மாமி போன பிறகு அம்மாவைக் காணோம். தோட்டத்தில், மூங்கில் குச்சிகளில் ஏறியிருந்த ஸ்வீட் பீ கொடி பக்கத்தில் நின்றிருந்தாள். அதில் அன்றுதான் முதல் பூக்கள். குனிந்து முகர்ந்துவிட்டு, "இதுக்கு வாசனை இருக்கு" என்றாள். சிசிலித் தீவிலிருந்து 1699-ல் ஒரு பாதிரியார் விதை அனுப்பி இங்கிலாந்துக்குப் போய், அங்கிருந்து உலகம் சுற்றிய பூ அது. அம்மாவுக்கு அந்தக் கதையெல்லாம் வேண்டியிருக்கவில்லை. "கத்தரிக்கோல் எடுத்துண்டு வா" என்றாள்.

அன்றைக்கு அவள் வெட்டிய இரண்டு பூவும் நீளக் காம்போடு இருந்தன.

அதன் பிறகு அது அவள் வேலையாயிற்று. வெயில் ஏறுமுன் வெட்ட வேண்டும், காம்பைச் சாய்வாக வெட்ட வேண்டும், தண்ணீரில் மூழ்கும் இலைகளைக் கிள்ளிவிட வேண்டும், தினமும் தண்ணீர் மாற்ற வேண்டும் என்று மாலி அவளுக்கு இந்தியில் சொல்லிக்கொடுத்தான். அவள் தமிழில் சந்தேகம் கேட்டாள். இருவருக்கும் புரிந்தது. ஆன்டிரைனத்தை மாலி 'டாக் ஃப்ளவர்' என்பான். இருபக்கமும் அழுத்தினால் வாயைத் திறக்கும். அறுபத்து நாலு வயதில் அம்மா அதை அழுத்தி அழுத்திப் பார்த்தாள். குர்ஜா ஜாடியை நடைபாதைக் கடையில் பேரம் பேசி வாங்கியதும் அவள்தான். நான் பெரிதாக ஒன்று எடுத்துக்கொடுத்தேன். "செடியில கொஞ்சம் இருக்கட்டும்" என்றாள்.

ஸ்வீட் பீ பற்றி அவளாகவே ஒன்று கண்டுபிடித்தாள். "வெட்ட வெட்டப் பூக்கறது. அப்படியே விட்டா காய் வச்சு, வேலை முடிஞ்சுதுன்னு நின்னுடறது." தோட்டக்கலைப் புத்தகங்களும் இதையேதான் சொல்கின்றன. ஒரு பருவம் மட்டும் வாழும் செடிக்கு விதை வைப்பதுதான் குறி. பூவை எடுத்துவிட்டால் மறுபடி முயலும்.

ஜாடி பூஜை அலமாரிக்குப் போகவில்லை. சாப்பாட்டு மேஜையில், அவள் உட்காரும் இடத்துக்கு எதிரே இருந்தது. யார் தலைக்கும் போகாத, எந்தச் சாமிக்கும் சாத்தாத பூ. அதை வைத்துக்கொள்ள அவளுக்கு யார் அனுமதியும் தேவைப்படவில்லை என்பது எனக்கு வெகுநாள் கழித்துத்தான் உறைத்தது.

ஒரு கோடையில், குண்டுமல்லி மலிந்த சமயம், ஒரு முழம் வாங்கி வந்து "வச்சுக்கோம்மா" என்று நீட்டினேன். கையில் வாங்கி முகர்ந்து பார்த்தாள். "பழக்கம் விட்டுப்போச்சு. நீ வச்சுக்கோ" என்றாள். கோபமில்லை. அந்த வெள்ளிக்கிழமை நான் பேசியிருந்தால் பதில் மாறியிருக்குமா? மாறியிருக்காது என்றே நினைக்கிறேன். ஆனாலும் நான் பேசியிருக்க வேண்டும்.

அம்மா 2008 ஆகஸ்டில் போனாள். தோட்டமெல்லாம் வெறும் பச்சையாக இருக்கும் மழைக்காலம். ஜாடியில் வைக்க ஒன்றும் இல்லை.

இப்போது நான் ஓய்வு பெற்று துவாரகாவில் இருக்கிறேன். தோட்டம் தொட்டிகளாகச் சுருங்கிவிட்டது. தை வெள்ளியில் வீட்டுக்கு வருகிற எல்லாப் பெண்களிடமும், யார் எவர் என்று பாராமல், பூத்தட்டை ஒரே உயரத்தில் நீட்டுகிறேன். சிலர் எடுத்துக்கொள்கிறார்கள். சிலர் சிரித்துவிட்டு விட்டுவிடுகிறார்கள். போன வருடம் ஒரு பாட்டி எடுத்து, தலையில் வைக்காமல் கைக்குட்டையில் முடிந்துகொண்டு போனாள்.

இன்று காலை ஜாடியில் வைத்தது: ஸ்வீட் பீ இரண்டு, காலெண்டுலா ஒன்று, ஃப்ளாக்ஸ் ஒன்று, நாஸ்டர்ஷியம் ஒன்று. செடியில் கொஞ்சம் விட்டிருக்கிறேன்.