நெய் பூசின வேலும் பொலித்தீன் சுத்தின போனும்

உடம்பில் மாட்டுற போன் ஒன்றும் புதுக் கனவு இல்லை. 2008இல் நோக்கியாவும் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகமும் சேர்ந்து ‘மோர்ஃப்’ என்று ஒன்றைக் காட்டினார்கள். விரிச்சா போன், வளைச்சா வளையல். யோசனையோட நின்றுபோச்சு. 2024இல் ‘ஹியூமேன்’ கம்பனி சட்டையில் குத்துற ஏஐ பின்னை 699 டொலருக்கு விற்றது. அடுத்த வருசம் பெப்ரவரியில் கடையைச் சாத்திட்டாங்க.

எனக்கு அந்தச் சாமான்களை விட, மாட்டியவரை மற்றவர்கள் எப்படிப் பார்ப்பார்கள் என்பதில்தான் ஆர்வம். உடம்பில் ஏறிய எதையும் ஆட்கள் வாசிக்கத் தொடங்கிடுவாங்க. தென்னாபிரிக்காவின் சூலு மக்களிடம் மணிமாலை நிறத்தாலேயே காதல் சேதி சொல்லும் வழக்கம் உண்டு. அவர்களுடைய அரசர்களைப் புகழும் பாட்டுக்குப் பெயர் இசிபொங்கோ. அதில் அரசனை யானை, சிங்கம் என்றெல்லாம் கூப்பிடுவார்கள்.

நம்ம புறநானூறும் புகழ்ச்சிதான். ஆனா அந்தப் புலவர்களின் கண் வேற மாதிரி. 77ஆம் பாட்டில் இடைக்குன்றூர் கிழார், போருக்கு நிற்கிற பாண்டியன் நெடுஞ்செழியனை அடி முதல் பார்க்கிறார். சதங்கை கழட்டின காலில் கழல். தலையில் வேம்பு. கழுத்தில் மட்டும் சின்னப்பிள்ளைத் தாலி இன்னும் கழட்டாமல் கிடக்கு! அந்த ஒரு நகையை வச்சே இவன் நேற்றுவரைக்கும் பால்குடிச்ச பொடியன் என்று சொல்லிவிடுகிறார்.

95 இன்னும் பிடிக்கும். ஒளவை தூது போன இடத்தில் தொண்டைமானின் ஆயுதங்கள் மயிற்பீலி சூடி, நெய் பூசி, காவல் வீட்டில் பளபளன்னு இருக்கு. அதியமானுடையதோ முனை முறிஞ்சு கொல்லன் பட்டறையில். இரண்டையும் பக்கத்தில் வச்சிட்டு ஒளவை பேசாமல் நகர்ந்துடுறா. தொண்டைமானுக்கு அது பாராட்டா கேலியான்னு விளங்க எவ்வளவு நேரம் எடுத்திருக்குமோ.

என் போனும் பட்டறைக் கேஸ்தான். பேராதனையில் லெக்சர் நேரம் மேசையில் கவிழ்த்துத்தான் வைப்பேன், வெடிப்பு தெரியக் கூடாது பாருங்க. கண்டி டவுனில் திரை மாத்தக் கேட்ட காசு அம்மாவுக்கு எட்டு நாள் பேர்.

அம்மா தெல்தோட்டைப் பக்கம் ஒரு தோட்டத்தில் கொழுந்து எடுக்கிறாங்க. அவங்ககிட்ட இருக்கிறது பட்டன் போன். பொலித்தீன் பையில் சுத்தி, லேஞ்சியில் முடிஞ்சு, இடுப்பில் படங்குக்குள்ள செருகியிருப்பாங்க. நான் அறிஞ்ச ஒரே மாட்டுற போன் அதுதான். மழையோ பனியோ ஒண்ணும் ஆகாது. என்ன, அடிச்சா எடுக்க ஏலாது. ரெண்டு கையும் செடியில, பாரம் தலையில. கொழுந்து நிறுக்க வரும்போதுதான் மிஸ்ட் கோல் பார்ப்பாங்க. அவசரச் செய்தி என்றாலும் அதுவரைக்கும் இடுப்பிலேயே கிடக்கும். சட்டையில் குத்தி, பேச்சாலேயே பேசுற போன் யாருக்காவது உண்மையிலேயே தேவை என்றால் இந்த மலையில் நிற்கிறவங்களுக்குத்தான். அதை வடிவமைக்கிறவங்க யாரும் கலஹா ரோட்டு பஸ்ஸில் ஏறி இங்க வந்ததா நான் கேள்விப்படல.

போன லீவில் அந்தப் போனைக் கையில் எடுத்துப் பார்த்தேன். மற்ற இலக்கமெல்லாம் தெளிவா இருக்கு, அஞ்சு மட்டும் தேய்ஞ்சு அழிஞ்சிருக்கு. அம்மா பேரைத் தேடி எடுக்கிறதில்லை, இலக்கத்தை அமத்தித்தான் கோல் எடுப்பாங்க. என் நம்பரில் அஞ்சு மூணு தரம் வருது.